அப்பா எழுந்து நின்ற படகு

எங்கள் வீட்டில் மீன் வாங்குவது அம்மாவின் வேலை. சனிக்கிழமைகளில் அம்மாவும் நானும் சந்தைக்குள் போவோம். அப்பா காரிலேயே இருந்து ரேடியோ கேட்பார். அம்மா மீன் வெட்டும்போது குசினிப் பக்கமே வரமாட்டார். ஆனால் பொரித்துத் தட்டில் வைத்துவிட்டால், முள்ளை நாக்கினாலேயே பிரித்து, ஒரு துணுக்குச் சதை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடிப்பார். அப்பாவுக்கு மீன் வெடுக்கு மணம் ஒத்துக்கொள்ளாது என்று நான் முடிவு செய்திருந்தேன். சாப்பிடும் நேரத்தில் மட்டும் அந்த வெடுக்கு எங்கே போகிறது என்று கேட்கும் அளவுக்குப் பத்து வயதில் எனக்குப் புத்தி இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னில், கிளேட்டனில் இருந்தோம். அப்பா ரயில் பாதைகளுக்கு வரைபடம் கீறும் வேலையில் இருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா, பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த ஒருவரை விரும்பினாள். பையன் வீட்டாரும் யாழ்ப்பாணத்தார் என்பதால் வீட்டில் பெரிய பூகம்பம் ஒன்றும் வெடிக்கவில்லை, கலியாணப் பேச்சுக்கால் தொடங்கியது. பையனின் அம்மா, அதாவது அன்ரி, பலகாரத்தோடு இரண்டு தடவை வந்துபோனார். இரண்டு தடவையும் "ஊரிலை நீங்கள் எவ்விடம்?" என்று கேட்டார். இரண்டு தடவையும் அப்பா "யாழ்ப்பாண ரவுண் பக்கம்" என்றார். இரண்டு தடவையும் அம்மா அவசரமாக எழுந்து தேத்தண்ணி போடப் போனார்.

பையனின் அப்பா பல் டொக்டர். அந்த அங்கிளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பைத்தியம் மரே கொட் என்ற நன்னீர் மீன். பச்சை உடம்பில் புள்ளி போட்ட, ஒரு குழந்தையின் தலை போகக்கூடிய வாயுள்ள மீன். வசந்தத்தில் அதைப் பிடிக்கத் தடை. டிசம்பரில் தடை நீங்கியதும் அங்கிள் ஒவ்வொரு வார இறுதியும் ஏரியில்தான். ஏழு கோடைகளாகப் போய்வந்தும், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் சிக்கவில்லை. சிக்காதவற்றைப் பற்றித்தான் அவர் அதிகம் சொன்னார். அந்த ஜனவரியில், இரண்டு குடும்பமுமாக ஒருநாள் ஏரிக்குப் போவோம், மிச்சத்தை அங்கேயே பேசி முடிப்போம் என்று அழைத்தார்.

போகும் வழியில் அம்மா முன்சீற்றிலிருந்து அப்பாவிடம் சொன்னார்: "அங்கை மீனைப் பற்றி வாய் திறவாதேங்கோ."

"ஓம்."

"ஒண்டும் தெரியாத மாதிரியே இருங்கோ."

"ஓம் ஓம், விளங்குது."

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி நகம் கடித்துக்கொண்டிருந்தாள். மற்றவருடைய பொழுதுபோக்கைப் பற்றி அவரையே பேசவிடுவது நல்ல பழக்கம் போலும் என்று நான் நினைத்தேன்.

அணை கட்டியபோது மூழ்கிப்போன மரங்கள் அந்த ஏரி முழுக்கப் பட்டுப்போய் நின்றன. மற்றவர்கள் கரையில் மர நிழலில் பாய் விரித்தார்கள். அங்கிளின் சின்ன அலுமினியப் படகில் அவரும் அப்பாவும் நானும் ஏறினோம். தூண்டிலில் மாட்டும் பிளாஸ்ரிக் பொய்மீன்கள் இருந்த பெட்டியை அங்கிள் நகைப்பெட்டி திறப்பதுபோலத் திறந்து காட்டினார். தூண்டில் தடியை எப்படிப் பிடிப்பது என்று அப்பாவுக்கு விளக்கினார். அப்பா அதைக் குடை பிடிப்பதுபோலப் பிடித்தார். அங்கிளுக்கு அளவில்லாத சந்தோசம். "நீங்கள் ஓப்பிஸ் ஆள், உங்களுக்கு இது புதுசு," என்றார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அப்பாவை அவ்வளவு ஒன்றும் தெரியாத மொக்கராக நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மத்தியானம்வரை ஒன்றுமில்லை. பிறகு என் தடி வளைந்தது.

எனக்குத் தந்திருந்தது ஆகச் சின்னத் தடி. அது என் கையை இழுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போனது. "சுத்து! சுத்து!" என்று அங்கிள் கத்தினார். நான் பதற்றத்தில் மறுபக்கம் சுற்றினேன். நூல் சிக்குப்பட்டு, அதைச் சுற்றும் றீல் இறுகிவிட்டது. மீன் மூழ்கிய மரம் ஒன்றை நோக்கி ஓடியது. அதன் கிளைகளுக்குள் புகுந்தால் கதை முடிந்தது. அங்கிள் எட்டிப் பிடிக்கப் போய்த் தன் பெட்டியிலேயே தடுக்கி விழுந்தார். நான் வாய்விட்டு அழுதேன்.

அப்பா சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து நின்றார். ஆடுகிற படகில் வெறுங்காலோடு, வீட்டு விறாந்தையில் நிற்பவர்போல நின்றார். வெளியே கிடந்த நூலை வெறுங்கையால் பற்றினார். மீன் இழுத்தபோது விட்டார், களைத்தபோது எடுத்தார். விரல்களுக்கு நடுவில் நூல் போய்வந்துகொண்டிருந்தது. "பின்னுக்கு எடு! மரத்துப் பக்கம் விடாதை!" என்று அங்கிளை அதட்டினார். எப்போதும் "நீங்கள்" என்று பேசுகிற அப்பா அது. அங்கிள் எழுந்து, சொன்னபடியே படகைப் பின்னுக்கு எடுத்தார். மீன் பக்கத்தில் வந்ததும் அப்பா குனிந்து, வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, ஒரே திருகில் கொக்கியைக் கழற்றினார்.

என் நெஞ்சுயரம் இருந்தது அந்த மீன். அவ்வளவு பெரியவற்றைத் திரும்ப விட்டுவிடுவதுதான் அங்கிளின் வழக்கம். அங்கிள் ஒரு படம் எடுத்தார். அப்பா மீனைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்திருந்து, அது வாலை அசைத்த பிறகு விட்டார். அதுவரை நான் அப்படி ஒரு சந்தோசத்தை அவர் முகத்தில் கண்டதில்லை.

அங்கிள் கமெராவைப் பெட்டிக்குள் வைத்தார். "ஊரிலை எவ்விடம் எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டார். குரலில் மரியாதை கூடியிருந்தது.

அப்பா கையைக் கழுவிக்கொண்டே ஒரு கடற்கரை ஊரின் பெயரைச் சொன்னார். "ஐயாவும் அண்ணன்மாரும் கடல் தொழில்தான்," என்றார்.

அங்கிள் "ஓ, அப்பிடியே" என்றார். உடனே மோட்டாரை இயக்கிப் படகைக் கரைப் பக்கம் திருப்பினார்.

சாப்பாடு சீக்கிரமே முடிந்தது. அங்கிள் கரையில் காதுக்குள் ஏதோ சொன்னதிலிருந்து அன்ரிக்குத் தலையிடி. திரும்பி வரும்போது காரில் அம்மா, "அந்த மீன் போனால் போகட்டும் எண்டு இருந்திருக்கலாமே," என்றார்.

"பிள்ளை அழுதது," என்றார் அப்பா.

அதன்பிறகு அங்கிள் வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. எடுத்த படமும் வரவில்லை. அந்தப் பையன் பெற்றோரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும், "ஊரிலை எவ்விடம்" என்பது சாதி கேட்கும் கேள்வி என்பதையும் அக்கா பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள். அப்போது அவளுக்கு வேறு ஒருவரோடு கலியாணமாகி இரண்டு பிள்ளைகள்.

பத்து வயதில் நான் கண்டுபிடித்த காரணம் வேறு. ஏழு கோடை காத்திருந்தவருக்குக் கிடைக்காதது முதல்நாளே எனக்குக் கிடைத்துவிட்டது, அங்கிளுக்குப் பொறாமை. இதை நானே சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. ஒருநாள் பின்னேரம் அக்காவின் அறைக் கதவைத் தட்டி, "அங்கிளுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லு அக்கா, அடுத்த முறை நான் தடியைத் தொடவே மாட்டன், பெரிய மீனை அவரே பிடிக்கட்டும்," என்றேன்.

அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். சிரித்து முடிய வெகுநேரம் எடுத்தது. அவள் ஃபோன் பண்ணப் போகிறாள் என்று நம்பி, நான் கூடத்தில் ஃபோனுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.