உப்பைப் பனியாகக் கொட்டிய குன்று

காலையில் வேலூர் புதிய பேருந்து நிலையத்தில் ஆம்பூர் வண்டி ஏறினோம். ஐம்பது கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். தம்பி முனிரத்தினம், ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வுபெற்றவன், இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தான். அறுபத்திரண்டு வயதில் அவனைப் படப்பிடிப்புக்கு அழைத்திருந்தார் ஒரு நடிகர்.

அவர் பெயரை எழுத மாட்டேன். சுவரொட்டிகளில் அது தேவைக்கு மேல் பெரிதாகவே இருக்கிறது. ராணுவத்தில் இளம் அதிகாரியாக இருந்து சினிமாவுக்கு வந்தவர், இயக்குவதும் அவரே. எல்லை மலையில் தொடையில் குண்டு பாய்ந்து கிடந்த அவரை முதுகில் சுமந்து இறக்கியவன் என் தம்பி. பேட்டிகளிலோ, அவர்தான் ஒரு சிப்பாயைச் சுமந்தாராம். எடுத்தவை பதினொரு படங்கள். ஏழில் சீருடை. ஐந்தில் யாரையாவது முதுகில் தூக்குகிறார். உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். புதுப் படத்துக்கு ‘உண்மைக் கதை’ என்று விளம்பரம். இந்த முறையாவது உள்ளதைச் சொல்வார் என்று தம்பி நம்பினான்.

ஆம்பூரிலிருந்து ஆட்டோ. ஒன்பது கிலோமீட்டருக்கு இருநூற்றைம்பது கேட்டார் ஓட்டுநர்.

“ஜாஸ்திங்க.”

“திரும்ப காலியா வரணும் பெரியவரே. அங்க இன்னா, மிலிட்டரி படமா? மூணு நாளா வெடி போட்டு எங்க ஆடுங்க ஒண்ணும் தூங்கல. ஒரே பேஜார்.”

தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பணத்தைக் கொடுத்தேன்.

மூடிக் கிடக்கும் தோல் தொழிற்சாலை. அதன் பின்னாலுள்ள மொட்டைப் பாறைக் குன்றுதான் காஷ்மீராம். பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பனியாக்கியிருந்தார்கள். தோல் நாற்றம் அடிக்கும் பனி! அதன்மேல், கொளுத்தும் வெயிலில், கம்பளிக் கோட்டோடு முப்பது முன்னாள் ராணுவத்தினர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள். நிழலுக்கு ஒரு பந்தல்கூட இல்லை.

நாங்கள் குன்றின் மேலே ஏறியதும் இயக்குநர் வந்து தம்பியைக் கட்டிக்கொண்டார்.

“முனி, எனக்கு முட்டி ஆபரேஷன் ஆயிடுச்சு. காயம்பட்ட சிப்பாயை நான் தூக்கிட்டு எறங்குற சீன் இது. என் கோட்டைப் போட்டுக்கிட்டு நீ எறங்கு. தூரத்துலருந்துதான் எடுப்போம். உன் மூஞ்சி தெரியாது.”

இதற்குத்தான் அழைத்திருக்கிறார்!

“கெளம்புடா, வீட்டுக்குப் போலாம்” என்று கத்தினேன். முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருண்ணா.” தம்பி கோட்டை வாங்கவில்லை. உப்பில் குந்தி முதுகைக் காட்டினான். “தூக்குறேன் சாப். ஆனா எனக்குப் பழக்கப்பட்ட வெயிட்டைத்தான் தூக்குவேன். வாங்க, ஏறுங்க.”

“ஏறுங்க சார், அவனுக்குத்தான் வழி தெரியும்!” என்று கூட்டத்தில் தம்பியின் கதை தெரிந்த ஒரு கிழவர் குரல் கொடுத்தார். சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது.

இயக்குநர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சுற்றிலும் பார்த்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, தம்பியின் முதுகில் ஏறிக்கொண்டார். தம்பி மெல்ல எழுந்து, சறுக்கும் உப்பில் குன்றின் அடிவரை இறங்கினான். யாரும் ஆணையிடாமலே முப்பது பேரும் விறைப்பாக எழுந்து நின்றார்கள். இயக்குநர் தம்பியின் கழுத்தில் முகம் புதைத்து அழுதார்.

நான் ஒளிப்பதிவாளரிடம் ஓடினேன். “எடுத்தீங்களா?”

“இல்ல சார். அவர் ஸ்டார்ட் சொல்லலையே.”

இறங்கியவர் முகத்தைத் துடைத்தார். தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் ஒரு சண்டைப் பயிற்சி இளைஞனைக் கூப்பிட்டுத் தன் கோட்டை மாட்டி, சிப்பாய் வேடக்காரரைத் தூக்கி இறங்கச் சொன்னார். “ஸ்டார்ட்” என்றார். அதே குன்று, அதே உப்பு. இந்த முறை கேமரா ஓடியது.

திரும்பும் பேருந்தில் தம்பி சொன்னான்: “சாப் மறக்கலண்ணா. அழுதாரு, பாத்தியா? அது போதும் எனக்கு.”

எனக்குப் போதாது. கேமரா ஓடாதபோது மட்டும் உண்மையாக இருக்கும் மனிதரை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? படம் எங்கள் ஊருக்கும் வரும். தம்பி டிக்கெட் வாங்குவான், கைகூடத் தட்டுவான், வாயைத் திறக்க மாட்டான். நான் பக்கத்து இருக்கையில்தான் இருப்பேன். அந்த மலையில் யார் யாரைச் சுமந்தார் என்று முன்வரிசைக்கும் கேட்கும்படி சொல்வேன், இடைவேளைக்கு முன்பும் பின்பும்.