தனம் முன்னேறிய திங்கட்கிழமைகள்

சுவரின் இடது பாதிக்கு அம்மா சுண்ணாம்பு அடித்தாள், வலது பாதிக்கு நான். போன மாதம் சேவைக்கு வந்த நிறுவனத்தார் வரைந்துவிட்டுப் போன மயிலின் தலை அவள் பக்கம், தோகை என் பக்கம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி ஞாயிற்றுக்கிழமை வேலை அது.

"எமல்ஷன் மேல சுண்ணாம்பு நிக்காதும்மா. உதிர்ந்துடும்" என்றேன். நான் சிவில் பொறியாளர்.

"உதுரட்டும்டி. சொவுரு நல்லா இருந்தா நாளைக்கு வர்றவங்க இன்னாத்த பண்ணுவாங்க? பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து வராங்க."

அம்மாவின் பெயர் தனம். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் கிராமச் சுற்றுலாத் திட்டத்தில் சேர்ந்த ஏழு வீடுகளில் எங்களுடையது ஒன்று. பயணிகளுக்கு ஓர் அறை, களி, கீரைக் குழம்பு. "காரம் கம்மிதான்" என்று சொல்லிக்கொண்டே ஜாஸ்தியாகப் போடுவாள். கண்ணீர் வழியச் சாப்பிடும் வெளிநாட்டுக்காரரைப் பார்த்து, "வூட்டு நெனப்பு வந்துடுச்சு போல" என்பாள்.

பயணிகள் தவிர, மாதம் இரண்டு முறை தனியார் நிறுவன ஊழியர்கள், தொண்டர்களாக. கிராமப் பெண்களை முன்னேற்ற வேனில் வருவார்கள். சனி, ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை. ஆகவே சேவை திங்கட்கிழமை.

எதிர்வீட்டு ஜோதியம்மாள் கேட்பாள்: "இன்னாடி தனம், இந்த மாசம் எத்தினி தபா முன்னேறுன?"

"ஒரு தபாதான்க்கா. இன்னொரு வேன் பஞ்சராம்."

முதல் பயிற்சியில் வண்ணக் காகிதம் கொடுத்து, கனவை எழுதச் சொன்னார்கள். 'வீட்டுப் பட்டா என் பெயருக்கு மாற வேண்டும்' என்று அம்மா எழுதினாள். அது கனவு இல்லை, பிரச்சினை என்று ஒரு பெண் அன்பாகத் திருத்தினாள். அடுத்த முறை 'உலகம் சுற்ற வேண்டும்' என்று எழுதினாள். பலத்த கைதட்டல். "மலைய சுத்த வர்றவங்களுக்கு ஆக்கிப் போடவே நேரமில்ல, எனக்கு எதுக்குடி ஒலகம்?" என்று என்னிடம் சிரித்தாள்.

பட்டா ஆறு ஆண்டுகளுக்கு முன் இறந்த அப்பாவின் பெயரில் இருந்தது. மாத இறுதிக்குள் அம்மா பெயருக்கு மாறாவிட்டால் விருந்தினர் வீடாகப் பதிய முடியாது. பயணிகள் வேறு வீட்டுக்குப் போவார்கள். வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நேரில் மனு கொடுப்பது என்று அம்மா முடிவு செய்தாள். மனு வாங்கும் நாள் திங்கட்கிழமை.

"தனக்கா, உங்க வூடுதான் நம்ம திட்டத்துக்கே மொகம். நீங்க இல்லன்னா எப்பிடிக்கா?" என்பாள் சுற்றுலாத் திட்ட ஒருங்கிணைப்பாளர் அறிவுமதி. வேன் வராத திங்களில் அறிக்கைக்குப் படம் எடுக்க வருவாள். மூன்று திங்கள் அம்மா முகமாக இருந்தாள்; மனு பையிலேயே இருந்தது.

நான்காவது திங்கள் போன வாரம். அந்த வியாழன் விடியலில் அம்மாவுக்கு நெஞ்சு வலி; மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இப்போது பட்டாவில் இறந்தவர் ஒருவர், மனுவில் இறந்தவர் ஒருவர்.

அந்தத் திங்கள் அவளை மனு கொடுக்க அழைத்துப்போக விடுப்பு எடுத்திருந்தேன். "பதினோரு மணிக்கெல்லாம் வுட்ருவாங்கடி" என்றாள். வாசலில் வண்டியோடு நின்றேன். அன்றைய பயிற்சி, உரிமையைக் கேட்டுப் பெறுவது எப்படி என்பது. தொண்டர்களில் ஓர் இளைஞர் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆட்சியராக உட்கார்ந்தார். யாராவது மனு கொடுத்துக் காட்டுங்கள் என்றார்கள். யாரும் எழவில்லை. வந்தவர்கள் முகம் வாடுவது அம்மாவுக்குப் பொறுக்காது. பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினாள்.

அவர் முழுதும் படித்தார். இரண்டு கேள்வி கேட்டார். "உங்க கோரிக்கை ஏற்கப்பட்டதும்மா" என்று பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். மணி ஒன்றரை. வேங்கிக்காலில் மனு வாங்கி முடித்திருப்பார்கள்.

கைதட்டல் அடங்கியதும் அம்மா கையை நீட்டினாள்.

"அத்தக் குடு தம்பி. அடுத்த திங்கக்கெழம நெசத்துக்கு ஓணும்."

வாங்கி, கட்டை விரலை நாக்கில் தொட்டு, அந்தப் பச்சைக் கையெழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.