சுவரில் இரண்டு தட்டு

எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், பொய்யே சொல்லாதவர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வாய் கூசாமல் சொல்வார். ஆனால் இது நடந்தது. பொய் சொல்கிறவன் தன்னை நல்லவனாகக் காட்டித்தான் சொல்வான். இவர் குனிந்த தலை நிமிராமல் சொன்னார்.

வேலை போய் எட்டு மாதமாகியிருந்தது. வீட்டு இன்டர்நெட்டை நிறுத்தியாயிற்று. செல்போன் சிக்னலோ அந்த மூன்றாவது மாடிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பெரியவர்தான் தன்னுடைய வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தது.

அவருடைய ரவுட்டர் அடிக்கடி மக்கர் பண்ணும். பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினால்தான் வழிக்கு வரும். அதற்குப் பெரியவரே ஒரு ஏற்பாடு சொன்னார்.

"படுக்கை ரூம் சுவத்துல ரெண்டு தட்டு தட்டுங்க தம்பி. நான் எழுந்து போய் சரி பண்ணிட்டு ஒரு தட்டு தட்டறேன்."

முதலில் மாப்பிள்ளை கூச்சத்தோடுதான் தட்டினார். போகப் போக, ஹோட்டலில் சர்வரைக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது. பெரியவரின் முகத்தைப் பார்த்தே ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்.

அன்று காலை வீடியோவில் நேர்முகத் தேர்வு. இதுவும் கைநழுவினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். வேலைக்குக் கிளம்பிய என் தங்கை, "இன்னிக்காவது நெட்டு போச்சுன்னு சாக்கு சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஆரம்பித்துச் சற்று நேரத்திலேயே, கேள்வி கேட்ட அம்மாள் திறந்த வாயோடு திரையில் உறைந்து போனார். மாப்பிள்ளை வைஃபையை அணைத்துப் போட்டார். பாஸ்வேர்டை அழித்துத் திரும்ப அடித்தார். லேப்டாப்பையே ஒரு தடவை அணைத்து எழுப்பினார். ஊஹூம். வைஃபையின் பெயர் தெரிகிறது, இணைப்பு ஒட்டவில்லை.

டொக். டொக்.

வழக்கமாக ஒரு இருமல் கேட்கும். "வந்துட்டேன் தம்பி" என்று குரல் வரும். பிறகு செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம். அன்று இருமல் இல்லை. குரல் இல்லை. கட்டிலிலிருந்து ஏதோ பொத்தென்று இறங்கியது. பிறகு வெறுங்கால்... ஒவ்வொன்றாக... மிக மெதுவாக...

டொக்.

இணைப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை வேறெதையும் யோசிக்கவில்லை. அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பத்து நிமிடம் ஓடியிருக்கும். மறுபடி போயிற்று. தட்டினார். பதிலில்லை. எரிச்சலில் கையை மடக்கிச் சுவரைக் குத்தினார்.

"சீக்கிரம் வாங்களேன். செத்தா போயிட்டீங்க?"

இதை என்னிடம் சொல்லும்போது அவர் குரலே எழும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. நடை இல்லை. கனமான எதையோ தரையில் இழுக்கிற சத்தம்...

டொக்.

முழங்கால் உயரத்திலிருந்து.

படம் வந்தது.

"கடைசியா ஒரு கேள்வி" என்றார் அந்த அம்மாள். அத்தோடு உறைந்தார்.

மாப்பிள்ளையின் கை சுவரருகே போய் நின்றுவிட்டது. வேண்டாம் என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது. ஆனால் வேலை வேண்டும்.

தட்டினார்.

பிறகு... தரையோடு தரையாக... ஒரு நகம் சுவரைப் பிறாண்டியது.

படம் வந்தது.

வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரமே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை நேரே ஓடிப்போய்ப் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினார். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாராம். கதவு திறக்கவில்லை. கீழ் வீட்டுக்காரர் வந்தார், முதல் மாடி டாக்டர் வந்தார். தாழ்ப்பாளை உடைத்தார்கள்.

பெரியவர் ரவுட்டருக்குப் பக்கத்தில் தரையில் குப்புறக் கிடந்தார். விரல்கள் பிளக்கைப் பிடித்திருந்தன. சில்லிட்டு, கட்டை மாதிரி விறைத்திருந்தார்.

டாக்டர் சட்டையைத் தூக்கி அவர் முதுகை வெகுநேரம் பார்த்தார்.

"நேத்து சாயங்காலமே உயிர் போயிருக்கு. முதுகுப் பக்கம் ரத்தம் இறங்கி உறைஞ்சிருக்கு பாருங்க. ராத்திரி முழுக்கக் கட்டில்ல மல்லாந்துதான் கிடந்திருக்கார். செத்து இவ்வளவு நேரம் கழிச்சு இங்க யாரு கொண்டு வந்து போட்டது?"

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஜன்னல்களுக்குக் கம்பி. பதில் தெரிந்த ஒரே ஆள் வாசலில் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் அவருக்கு வாய் திறக்கவில்லை. இன்று வரை என்னைத் தவிர யாரிடமும் திறக்கவும் இல்லை.

மறுநாள் பெரியவரைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. கீழ் வீட்டுக்காரர் வந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"தூக்க ஆள் போதலை தம்பி. ஒரு கை குடுங்க."

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை.