நீலக் கொடிவேலி பூத்த நிறம்

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரில் தரை ஓடு செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். சூளையிலிருந்து வரும் ஓடுகளை நிறம் பார்த்துப் பிரிப்பது என் வேலை. அதனால் என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஓய்வு பெற்றதும், ஈப்போ வீட்டு வாசலில் நீலமாகப் பூக்கும் செடி வைக்க ஆசைப்பட்டேன். கோப்பெங் போகும் சாலையில் நர்சரி வைத்திருந்த தமிழ்ப் பெண் நீலக் கொடிவேலிச் செடி ஒன்றைக் கொடுத்தார்.

“நல்ல வெயில்ல வைங்கண்ணே. நிழல்ல வச்சா வெறும் எலதான்லா வரும். புடிச்சிக்கிச்சின்னா வருஷக்கணக்கா பூக்கும்.”

கேட்டுக்குப் பக்கத்தில், நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் நட்டேன். சில மாதத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஆனால் நீலமே இல்லை, அழுக்குச் சாம்பல்.

“நீலமாத்தானே இருக்கு?” என்றாள் மனைவி. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு நர்சரிக்குப் போனேன். “இதுவா நீலம்?” என்று மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டேன். அந்தப் பெண் பூவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேறொரு செடியை எடுத்து, எனக்குப் பின்னால் மனைவியோடு கார் வரை நடந்து வந்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே கண் டாக்டரிடம் போக வேண்டுமென்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். இரண்டு கண்ணிலும் புரை. சில மாதம் கழித்து வலது கண்ணில் முதலில் அறுவை செய்தார்கள்.

கட்டுப் பிரித்து வீடு வந்து இறங்கியபோது இரண்டு செடியும் பூத்திருந்தன. வலது கண்ணுக்கு, மழை விட்ட வானத்தின் வெளிர் நீலம். இடது கண்ணுக்கு அதே சாம்பல். மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். மனைவி எனக்குக் குடை பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றாள்.

பிறகு மனைவியோடு நர்சரிக்குப் போய், “தங்கச்சி, தப்பு என்னோடதுதான்,” என்றேன்.

“பரவால்லண்ணே. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. எல்லாரும் நிக்கிறப்ப சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு, அக்காகிட்ட மெதுவா சொல்லி அனுப்பிச்சேன்.”

திரும்பிப் பார்த்தேன். மனைவி ரோஜாத் தொட்டிகளைப் பார்ப்பதுபோல் நகர்ந்துவிட்டாள். இத்தனை மாதமும் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இப்போது செடிகள் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. கத்தரித்த குச்சிகளை ஊன்றி, வேர் விட்டதும் நர்சரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

“எனக்கே செடி கொண்டு வாரீங்களா?” என்று சிரித்துக்கொண்டே வாங்கி, வெயிலில் வைக்கிறார் அவர்.