உப்புப் பார்த்த படையல்

தென்காசியைத் தாண்டிக் கடையம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். போன சீசன் முடிகிற சமயம். முதுகுக்குப் பின்னால் குற்றாலத்துச் சாரல், முன்னால்... எதுவுமில்லை.

ஏன் கிளம்பினாய் என்று கேட்பீர்கள். பெரிய காரணமில்லை. பங்களாவுக்கு வந்திருந்த துரை பட்லரை அறைந்தார். பட்லர் என்னை அறைந்தான். எனக்குக் கீழே அறைவதற்கு ஆள் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வழியில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டேன். அறுபது வயதுக்காரர் ஒருவர் செம்பைக் கொடுத்தார். பெயர் சுடலைமுத்து என்று பிறகு தெரிந்தது.

"எங்கன இருந்து வாரீரு தம்பி?"

"குத்தாலத்துல இருந்து அண்ணாச்சி. துரை பங்களாவுல சமையல் வேலை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கம்பி வலையில வச்சுக் கோழி சுடுவாகளாமே... தெரியுமா வே?"

"மூணு மாசமா அதுதான் என் வேலையே."

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகன் இசக்கிமுத்து பட்டாளத்துக்காரன். பர்மாவில் காணாமல் போய்விட்டான் என்று தந்தி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குமேல் ஒரு சேதியும் இல்லை. சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, அவன் செத்தவன்தான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அன்று மத்தியானம் அவனுக்குப் படையல் போடவேண்டும். படையல் முடிந்ததும் அவன் மனைவி பேச்சியின் தாலியைக் கழற்றவேண்டும்.

செத்தவனுக்குப் பிடித்ததைத்தானே படைக்கவேண்டும்? கடைசியாக லீவில் வந்தபோது, பட்டாளத்தில் கற்றுக்கொண்டதாகச் சொல்லி, அவனே ஒரு சமையல் செய்திருக்கிறான். கம்பி வலையில் சுட்ட கோழி. கூடவே தேங்காய்ப்பாலில் குழையவிட்ட சாமை. அரிசி கிடைக்காத காலத்தில் இது விருந்து இல்லாமல் வேறென்ன? மூன்று பேருமாக வழித்துத் தின்றிருக்கிறார்கள். அதைச் சமைக்கப் பேச்சிக்குத் தெரியும். செய்யமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

"தெனமும் கனவுல வாரான் வே. பசிக்குங்கான். சோறு கேக்குதான்," என்றார் சுடலைமுத்து.

உள்ளேயிருந்து பேச்சியின் குரல் வந்தது. "பசிக்குன்னு கேக்கவன் உசுரோடதான மாமா இருப்பான்?"

அவர் கூட்டைத் திறந்து ஒரு சேவலைப் பிடித்தார். இருக்கிறானா, இல்லையா, யாருக்குத் தெரியும்?

மாடு காணவில்லை என்றால் ஊர் ஊராகத் தேடுகிறோம். மனுஷன் காணவில்லை என்றால் இலை போட்டுவிடுகிறோம்!

எனக்குப் பசி. படையல் முடிந்தால் சாப்பாடு உண்டு. சேவலை வாங்கிக்கொண்டேன்.

சுத்தம் செய்து, நெஞ்சைப் பிளந்து, தட்டையாக விரித்தேன். மிளகு, இஞ்சி, பூண்டு, காந்தாரி மிளகாய் எல்லாவற்றையும் அம்மியில் அரைத்து, எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டுத் தடவி ஊறவிட்டேன். சிரட்டையை எரித்துக் கங்காக்கினேன். பழைய ஜன்னல் கம்பி வலை ஒன்று கிடைத்தது. சேவலை அதில் கிடத்தித் திருப்பித் திருப்பிப் போட்டு, ஈர்க்குக் கட்டால் எண்ணெய் தொட்டுத் தடவினேன். கொழுப்புச் சொட்டிய இடத்தில் எல்லாம் கங்கு சீறியது.

சாமையை வறுத்து, இரண்டாம் பாலில் வேகவிட்டுக் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். வெந்து குழைந்ததும் அடுப்பைவிட்டு இறக்கித்தான் கெட்டிப்பாலை ஊற்றவேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்துபோகும்.

சுடலைமுத்துவின் அக்காள் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காவல் காத்தாள். மடியில் ஒரு புது வெள்ளைச் சேலை. பேச்சிக்குத்தான்.

"படையல் சோறாக்கும். உப்புக்கிப்பு பாத்துராதயும். வாயில பட்டா எச்சி. பொறவு ஒண்ணத்துக்கும் ஆவாது."

"சரி ஆச்சி."

"பங்களாவுல தின்னுக்கிட்டே சமைச்ச ஆளு... கை சும்மா இருக்குமா?"

"பங்களாவுல தின்ன விட்டா நான் ஏன் இங்கன வாரேன்?"

அவள் சிரிக்கவில்லை. ருசி பார்க்காமல் சமைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. எப்படியோ முடித்தேன்.

வாசல் நிறையச் சொந்தக்காரர்கள். நடுவீட்டில் விளக்கு. விளக்குக்கு முன்னால் தலைவாழை இலை. சட்டியையும் கோழியையும் கொண்டுபோய் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். சுடலைமுத்து குனிந்து அகப்பையை எடுத்தார்.

அதுவரை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த பேச்சி எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை... அழப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நேரே வந்தாள். சட்டிக்குள் விரலை விட்டாள். வாயில் வைத்தாள்.

"உப்பு பத்தாது," என்றாள். "அவுக இத வாயிலயே வைக்கமாட்டாக."

அக்காள்காரி அலறினாள். "ஏட்டி சண்டாளி! படையல எச்சிப்படுத்திட்டியே!"

"படையலா? யாருக்குப் படையல்?"

கோழித் தொடையைப் பிய்த்தாள். எல்லோரும் பார்க்க, அங்கேயே உட்கார்ந்து கடித்தாள். அவள் மெல்லுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. பசிக்குத் தின்கிறவள் போல இல்லை. ஒரு வேலையைச் செய்து முடிப்பவள் போலத் தின்றாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அவளப் பிடிச்சு இழுங்கலே!" என்று யாரோ கத்தினார்கள். சுடலைமுத்து கையைக் காட்டி நிறுத்தினார். அவளை அடிப்பார் என்றே நான் நினைத்தேன். அவரோ அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு இலை போடுட்டி."

மகனுக்கு விரித்த இலையையே அவர் பக்கம் இழுத்து வைத்தாள். சாமையை ஊற்றிக் கோழியை வைத்தாள். அவர் ஒரு வாய் தின்றார்.

"கோழிய இன்னும் கொஞ்சம் கரிய விடுவான்," என்றார்.

"ஆமா மாமா. அவுகளுக்கு ஓரம் கருகணும்."

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வேறொரு நாள் பார்க்கலாம் என்றார்கள். எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை. அக்காள்காரி போகும்போது வெள்ளைச் சேலையைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் போனாள். எடுத்துப் போகச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

மிச்சத்தை நான் தின்றேன். பேச்சி சொன்னது நிஜம். உப்பு பத்தாதுதான்.

ராத்திரி மாட்டுக்கொட்டிலில் படுத்தேன். விடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டேன். கிணற்றடியில் நின்றிருந்த சுடலைமுத்து கூப்பிட்டார்.

"கமலை ஓட்டுவீரா வே? மாடு சும்மா நின்னு தின்னுக்கிட்டு இருக்கு. தண்ணி எறைக்க ஆளில்லாம பயிரு காயுது. என்னால முடியல. மவன் ஓட்டினது."

"ஓட்டுவேன் அண்ணாச்சி. எத்தன நாளைக்கி?"

அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த பேச்சி, நிமிராமலே சொன்னாள். "அவுக வார வரைக்கும்."

சரி என்று மாட்டைப் பூட்டினேன். அவ்வளவு நீண்ட வேலைக்கு அதற்குமுன் நான் ஒப்புக்கொண்டதே இல்லை.