ஜாம்பிக்குக் கொடுத்த மரியாதை

என் அப்பா அமரர் ஊர்தி ஓட்டினார். இதை யாரிடம் சொன்னாலும் ஒரு நொடி பேச்சு நின்றுபோகும். ஒன்பது வயதில் அந்த ஒரு நொடியை நான் ரொம்பவே ரசித்தேன். வகுப்பில் எத்தனையோ பேருடைய அப்பாக்கள் வேன் ஓட்டினார்கள். மாலை போட்ட வேன் என் அப்பாவிடம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெருமை இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

கோவை ஆஸ்பத்திரிகளில் இறந்துபோனவர்களைக் காங்கேயம், உடுமலை என்று அவரவர் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவருடைய வேலை. ஒருநாள் பள்ளிக்கு நேரமாகிவிட, அம்மாவுக்குத் தெரியாமல் காலி வண்டியில் என்னை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். வழியில் ஒரு வேகத்தடை. வண்டியை மெதுவாக்கி, தலையை லேசாகப் பின்பக்கம் திருப்பி, “மேடு வருதுங்க, பார்த்துங்க” என்றார். பின்னால்தான் யாருமே இல்லையே என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தார். ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும்போது சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதாம்.

அந்த வருடப் பொங்கல் விழாவில், எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு நாடகப் போட்டி வைத்தார்கள். மூன்று வருடமாகக் கோப்பை பின்கட்டிடத்துப் பிள்ளைகளிடமே இருந்தது. அதை எப்படியாவது பிடுங்க வேண்டும் என்று அண்ணன் ஒரு ஜாம்பி நாடகம் எழுதினான். செத்துப்போன ஒருவர் எழுந்து நடந்து குடியிருப்புக்குள் வருகிறார், நாங்கள் அடித்துக் கொல்கிறோம், சுபம். அத்தை மகன் ஜாம்பி. கடைசி அடி என்னுடையது. அந்த ஓர் அடிக்காக ஒரு வாரம் அண்ணனுடைய சைக்கிளைத் துடைத்துக் கொடுத்தேன்.

நல்ல நாளும் அதுவுமாகச் செத்தவரை மேடையேற்றுவதா என்று அம்மா பிடித்துக்கொண்டார். ஜாம்பி எங்கே செத்தான், அவன்தான் நடக்கிறானே என்றான் அண்ணன். ஒத்திகையில் உண்மையாகவே அடி வாங்கி வீங்கிப்போயிருந்த அத்தை மகன் இதை விடவில்லை. நடக்கிறவனை அடித்துக் கொன்றால் கொலைதானே என்று கேட்டான். அவன் மனுசனே இல்லை, அதனால் பாவமும் இல்லை என்று அண்ணன் உடனே மாற்றிச் சொன்னான். ஜாம்பி அம்மாவிடம் சாகாதவன், அத்தை மகனிடம் மனுசனே இல்லாதவன். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன் என் அண்ணன். இன்று பம்ப்செட் விற்கிறான், நன்றாகவே விற்கிறான்.

கடைசியில் அம்மா ஒரே ஒரு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். “செத்தவங்க மேல காலு மட்டும் படக்கூடாது. அது ஜாம்பியோ கீம்பியோ, எனக்குத் தெரியாது.”

எனக்குக் குழப்பம் தீரவில்லை. வண்டி கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் போனேன். செத்தவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? “ஏனுங்கப்பா, செத்தவங்க எந்திரிச்சு நடந்து வந்தா அவங்க மனுசங்களா, இல்லீங்களா?” என்று கேட்டேன். குழாயை மூடிவிட்டு ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

“நடக்கறவங்களப் பத்தி எனக்குத் தெரியாது கண்ணு. படுத்திருக்கறவங்க மனுசங்கதான்.”

இது என் கேள்விக்குப் பதிலாகவே எனக்குப் படவில்லை. நான் போய் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிச் சுழற்றிப் பழகினேன்.

விழா அன்றைக்கும் அப்பாவுக்கு வேலை வந்துவிட்டது. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் அரிசி மாவைப் பூசிக்கொண்டு அத்தை மகன் மேடையேறினான். மாவு கண்ணில் விழுந்து அவனுக்குப் பாதி பார்வைதான் தெரிந்தது. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, உறுமிக்கொண்டு, நேராக என்னைப் பார்த்து வந்தான். நான் மட்டையை ஓங்கினேன். அப்போதுதான் அவன் காலுக்கு முன்னால் மைக் வயர் கிடப்பதைப் பார்த்தேன்.

“வயரு கெடக்குதுங்க, பார்த்துங்க” என்று என் வாயில் வந்துவிட்டது.

ஜாம்பி நின்றது. “சரிங்க” என்றது. காலைத் தூக்கிப் பதமாக வயரைத் தாண்டி வைத்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடி, அடி என்று அண்ணன் திரைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தான். இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்ட பிறகு ஓர் ஆளை எப்படி அடிப்பது? என்னால் முடியவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு, உட்காரச் சொன்னேன். ஜாம்பியும் நிம்மதியாக உட்கார்ந்து கண்ணைக் கசக்கியது. திரையை மூடிவிட்டார்கள். கோப்பை நாலாவது வருடமும் பின்கட்டிடத்துக்கே போனது.

அண்ணன் திட்டித் தீர்த்துவிட்டுப் போன பிறகு, மேடைக்குப் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த அக்கா அங்கே வந்தார். அதற்கு முந்தின ஆடியில் அவருடைய கணவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அப்பாவின் வண்டிதான் அவரை உடுமலைக்குக் கொண்டுபோனது. அக்காவை அதில் ஏறவிடாமல் சொந்தக்காரர்கள் பின்னால் காரில் கூட்டிப்போனார்கள். அதன் பிறகு அன்றைக்குத்தான் அக்கா ஒரு விசேஷத்துக்குக் கீழே இறங்கி வந்திருந்தார்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மாதிரி பேச யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வண்டியில் போகும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் அப்பா அப்படித்தான் சொல்லிக்கொண்டு போவார் என்றேன்.

“எல்லார்த்துகிட்டயுமா கண்ணு?”

“ஆமாங்க்கா. எல்லார்த்துகிட்டயுமுங்க.”

அக்கா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். கோப்பை கைவிட்டுப் போனதற்கு எங்கள் கட்டிடத்தில் என்னைவிட வருத்தப்படுகிற ஓர் ஆள் இருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். “அழுவாதீங்க்கா, அடுத்த வருசம் கண்டிப்பா அடிச்சுக் கொன்னுபோடறேனுங்க” என்று தைரியம் சொன்னேன்.