வாப்பா துப்புரவாக வைத்திருந்த வீடு

எங்கள் வாப்பா வபாத்தாகி ஓராண்டு நிறைவடைகிறது. அவருடைய மறுமைக்காகக் கையேந்தும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றிச் சிலவற்றை எழுதித் தருமாறு தம்பி கேட்டுக்கொண்டதால், மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன்.

வாப்பா கற்பிட்டியில் பிறந்தார். இளவயதிலேயே தந்தையை இழந்ததால் பாடசாலையை விட்டுக் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பியை, அதாவது எங்கள் சாச்சாவை, படிக்கவைத்தார். பின்னர் இருவரும் சேர்ந்து கடைத்தெருவில் வீட்டுச் சாமான் கடை ஒன்றைத் தொடங்கினார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடையோடு வந்து கரைத்தீவில் குடியேறிய குடும்பம் ஒன்றில் வாப்பா பெண்ணெடுத்தார். உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். வாப்பா அதைக் கணக்கிலெடுக்கவில்லை. அவர் பொதுவாகவே அதிகம் கதைக்காதவர்.

கடையில் அசிட், பிளீச், பினைல் எல்லாம் பெரிய கேன்களில் வரும். சாச்சாவும் வாப்பாவும் அவற்றை வெறும் சோடாப் போத்தல்களில் ஊற்றி விற்பார்கள். போத்தலில் பெயர் எதுவும் ஒட்டியிருக்காது. எங்கள் வீட்டுக்கும் அந்தப் போத்தல்களே வந்தன.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு முன்பு உம்மா குளியலறையைக் கழுவினார். எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தரையில் வெள்ளையாகப் படியும். அதைப் போக்க ஒரு போத்தலை ஊற்றினார். போதாதென்று அடுத்ததையும் ஊற்றினார். கதவு சாத்தியிருந்தது. சத்தம் கேட்டு வாப்பா ஓடிப்போய்த் திறந்தபோது உம்மா தரையில் கிடந்தார். வாயிலிருந்து நுரை வந்தது.

உம்மா பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நெஞ்சு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அசிட்டையும் பிளீச்சையும் கலந்ததால் எழும்பிய நச்சுவாயுதான் காரணம் என்றும், இனி இந்த மணம் எதுவும் அவருக்கு ஆகாது என்றும் வைத்தியர் சொன்னார்.

"அப்ப ஊட்ட எப்பிடி டொக்டர் கழுவுற?" என்று வாப்பா கேட்டார்.

"அத நீங்கதான் பாத்துக்கொள்ளணும்," என்றார் அவர்.

வாப்பா பார்த்துக்கொண்டார். அன்று முதல் எங்கள் வீட்டைத் துப்புரவு செய்தவர் அவரே. எதுவும் தெரியாமல்தான் தொடங்கினார். பளபளப்பாக்கிய சீமெந்துத் தரையில் தேசிக்காய் பிழிந்த புளியை ஊற்றித் தேய்த்தார். காய்ந்ததும் தரை முழுக்க வெள்ளைத் திட்டுகள். அதைப் பார்த்து உம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்தால் பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்குமே தவிர, அழுக்குப் போகாது என்பதையும் அவர் செய்து பார்த்துத்தான் அறிந்தார். குழாயில் படிந்த சுண்ணாம்புக்குத் தென்னை வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றி வைப்பார். சமையலறைக் கல்லுக்கு அப்பச்சோடா, சட்டிக்குச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும், எறும்புக்கு வேப்பிலை அவித்த தண்ணீர். சோளகக் காற்று காலத்தில் மணல் வீட்டுக்குள் கொட்டும். தூசி உம்மாவுக்கு ஆகாதென்பதால் தும்புத்தடியை ஈரமாக்கிக் கூட்டுவார். மெத்தைகளை வெயிலில் போட்டு அடிப்பார்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்கும் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அதைவிடக் கடையில் நடந்ததுதான் அவரை வருத்தியது. பெயரில்லாத போத்தல்களை இனி விற்பதில்லை என்று அவர் சொன்னார். சாச்சா ஒத்துக்கொள்ளவில்லை. அசிட் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் வாப்பா, "இதோட வேற ஒண்டையும் கலக்கப்படாது, கதவத் தொறந்து வெச்சிக் கழுவுங்க," என்று சொல்லத் தொடங்கினார். வந்தவர்கள் பயந்து திரும்பினார்கள்.

"நானா, நீங்க கட நடத்துறீங்களா, ஆஸ்பத்திரி நடத்துறீங்களா?" என்று சாச்சா ஆட்களின் முன்னால் தன் அண்ணனைக் கேட்டார்.

"அந்தப் போத்தல்ல ஊத்தினது என்ட கை," என்றார் வாப்பா.

கடை சாச்சாவுக்குப் போனது. வாப்பா சந்தைக்குப் பக்கத்தில் வெங்காயம், கொச்சிக்காய் வியாபாரம் செய்தார். சகோதரர்கள் இருவரும் ஜும்ஆத் தொழுகையில் ஒரே ஸப்பு வரிசையில் நின்றாலும் ஸலாத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது நான் புத்தளத்தில் இருந்தேன், தம்பி கட்டாரில். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் சாச்சா வந்தார், சாச்சியையும் கூட்டிக்கொண்டு. கட்டிலருகே வாப்பாவைப் பார்த்துவிட்டுப் போய்த் தும்புத்தடியை எடுத்தார்.

வாப்பாவின் பேச்சு குழறியிருந்தது. ஆனாலும், "மூலைய உட்டுட்டாய்," என்று அவர் சொன்னது எல்லோருக்கும் விளங்கியது.

"ஓம் நானா," என்று சாச்சா திரும்பிப்போய் மூலையைக் கூட்டினார்.

வாப்பா இருந்தவரை அந்த வெள்ளிக்கிழமைகள் தவறவில்லை. சாச்சாவின் கடையில் இன்று அசிட் இல்லை. அதை எப்போது நிறுத்தினார் என்று எங்களுக்குத் தெரியாது.

வாப்பாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி அணிவித்தவர்களுக்கும், கப்றுக்குழி வெட்டிய இளைஞர்களுக்கும், எங்கள் மஹல்லாப் பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும், ஜனாஸா அன்று பினைல் தெளிக்காமல் வெறும் தண்ணீரால் வீட்டைக் கழுவித் தந்த அயல்வீட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சாச்சாவுக்கும் சாச்சிக்கும் நன்றி சொல்லப் போனால் கோபிப்பார்கள். ஆகவே துஆ மட்டும்.

இந்தக் கட்டுரையில் வாப்பாவின் வியாபாரத்தையும் பள்ளிவாசல் சேவையையும் எழுதினால் போதும், கூட்டிக் கழுவியதெல்லாம் எதற்கு என்று தம்பி தயங்கினார். நான் உம்மாவிடம் கேட்டேன்.

"வியாவாரம் எல்லா ஆம்பளையும் செய்யுறதுதானே," என்றார் உம்மா. "நான் மூச்சு உடுறதுக்காக அவர் ஊட்டக் கூட்டினாரு. அத எழுது."